இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்

தம்பி, நீ கேட்டிருப்பது இது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலூருக்கு இளங்கலை இயற்பியல் படிக்க வந்து ஒரு மாதம் ஆகிறது. கோட்டையைப் பார்த்தாயிற்று, வெயிலையும் பார்த்தாயிற்று. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போனபோது கீழே மணலை மட்டும் பார்த்து மனசு கனத்துவிட்டது. மூன்று வருஷம் இந்த ஊரில் எப்படிப் போகும், நீங்கள் படித்த காலத்தில் எங்கெல்லாம் போனீர்கள், எதில் சந்தோஷப்பட்டீர்கள் என்று கேட்கிறாய். கேள்வியைப் படித்ததும் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அந்த நாட்களில் போன ஊர்களைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

1998 முதல் 2001 வரை இதே ஊரில் இதே இயற்பியலைத்தான் நானும் படித்தேன். சொந்த ஊர் கண்ணமங்கலத்தை ஒட்டிய கிராமம். ஏரித் தண்ணீர் பாய்கிற வரை நெல், அதற்கு மேல் மானாவாரியில் மல்லாட்டை. உங்கள் பக்கம் அதை நிலக்கடலை என்பீர்கள். கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: "எங்க வேணா போயிட்டு வா. வெளக்கு வெக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும்." இரண்டாம் வருஷம் வேலப்பாடியில் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்த பிறகும் அந்தப் பேச்சு கூடவே வந்தது. அதனால் என் பயணம் எல்லாமே இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்துக்குள் அமைந்தது. அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததால்தான் இந்த மாவட்டம் முழுக்க எனக்குக் கிடைத்தது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மேப்பில் வேலூரை நடுவில் வைத்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பார். ஆற்காடு, ராணிப்பேட்டை, சோளிங்கர், ஆரணி, போளூர், குடியாத்தம், ஆம்பூர், ஆந்திராவில் சித்தூர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் எந்தத் திசையில் போனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்துவிடலாம். இது அத்தனையும் ஒரு காலத்தில் வட ஆற்காடு என்கிற ஒரே மாவட்டம். 1911 வரை அதற்குத் தலைநகரமே சித்தூர்தான். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எங்கள் ஊர் இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆயாவுக்குக் கடைசி வரை "டவுனு" என்றால் வேலூர்தான்.

முதல் வருஷம் முழுக்க ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். அதை ஒரு பயணம் என்று யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஆனால் என் நோட்டில் முதல் பக்கமே அதுதான். கண்ணமங்கலம் கூட்ரோட்டில் ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் வருகிற பஸ்கள் சேரும். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்போம். எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் வண்டி வடக்கே போகிறது, வெயில் கிழக்கிலிருந்து வலது ஜன்னலில் அடிக்கும். சாயங்காலம் வண்டி தெற்கே திரும்புகிறது, அப்போது மேற்கு வெயிலும் வலது ஜன்னலில்தான். ஆக, போகும்போதும் இடது பக்கம், வரும்போதும் இடது பக்கம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, பிறகு பரீட்சையில் மார்க் வாங்கியபோதுகூட இல்லை. காலையில் அந்த இடது ஜன்னலில் ஜவ்வாது மலை கூடவே வரும். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலையில் பார்த்தால் அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி மாதிரி மேகம் கிடக்கும். கணியம்பாடி தாண்டும்வரை நான் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன்.

சில நாள் ரயிலில் போனேன். காட்பாடி–விழுப்புரம் பாதை அப்போது மீட்டர்கேஜ், சின்னப் பெட்டிகள். வண்டி மெதுவாகப் போகும், பூவும் கீரையும் பால் கேனும் ஏறி இறங்கும். போளூருக்கு இந்தப் பக்கம் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் வரும். புது ஆட்கள் ஆரணி வந்துவிட்டது என்று இறங்கிவிடுவார்கள். அது இருப்பது களம்பூரில், ஆரணி டவுனுக்கு அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து விழுப்புரம் வழியாக ரயிலில் வந்திருந்தால் நீயும் இதே பாதையில்தான் வந்திருப்பாய். அடுத்த தடவை போளூர் தாண்டியதும் விழித்திரு, மேற்கே பார்.

இனி டவுன் பஸ். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடுகிற 1, 2 எண் பஸ்களில் ஒரு சனிக்கிழமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏறி உட்கார்ந்துவிடு. வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. ஊரைக் குறுக்கே அறுத்துக் காட்டுகிற மாதிரி ஒரு வழி அது: ஓட்டேரி, பழைய பஸ் ஸ்டாண்டு, கோட்டை அகழி, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, ஆறு, விருதம்பட்டு, கடைசியில் காட்பாடி ஸ்டேஷன். எந்த ஸ்டாப்பில் யார் ஏறுகிறார்கள், எந்த இடத்தில் பஸ்ஸில் பேச்சுமொழி மாறுகிறது என்று கவனி. கூடை வைத்திருக்கும் அம்மாக்கள் நேதாஜி மார்க்கெட்டுக்கு இறங்குவார்கள். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும் வங்காளம், இந்தி, அசாமி மூன்றும் காதில் விழும்.

அந்த ஆஸ்பத்திரி எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இன்றைக்கு நாட்டின் கிழக்கு மூலையிலிருந்து நோயாளிகள் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். எதிரே இருக்கிற சந்துகளில் லாட்ஜ் போர்டுகள் வங்காள எழுத்தில் இருக்கும், கடைகளில் கடுகெண்ணெய் கிடைக்கும். வேலூர் வெயிலில் வளர்ந்த நான் வங்காள எழுத்தில் பத்துப் பன்னிரண்டு கற்றுக்கொண்டது அந்தப் போர்டுகளைப் பார்த்துத்தான். ஒரு நாள் வயதான ஒருவர், கையில் எக்ஸ்ரே உறை, தோளில் இரண்டு பை, எந்த பஸ் காட்பாடிக்குப் போகும் என்று தெரியாமல் நின்றிருந்தார். எனக்கு இந்தியும் வராது, வங்காளமும் வராது. பையை வாங்கிக்கொண்டு அவரோடு ஏறி ஸ்டேஷன் வரை போய்ப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்தேன். கிளம்பும்போது அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டினார். பொரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் பிசைந்தது. அந்தக் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நோட்டில் அன்றைக்கு 'காட்பாடி, பொரி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

கோட்டையைப் பார்த்துவிட்டேன் என்கிறாய். பகலில் பார்த்திருப்பாய். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போய் அகழிக் கரையில் உட்கார். கருங்கல் மதில் பகலெல்லாம் குடித்த சூட்டை மெல்ல விடும், அகழித் தண்ணீரின் மேலே வருகிற காற்று மட்டும் குளிர்ந்து வரும். எங்கள் அறையில் நாலு பேரும் பாதிப் படிப்பை அங்கேதான் படித்தோம். இந்த மதிலுக்குள்தான் திப்பு சுல்தானின் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 விடியும் முன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை என்று போட்ட உத்தரவுகள் மூட்டிய நெருப்பு அது. அடக்க வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்து வந்தது. நீ ஆற்காட்டுக்கு பஸ்ஸில் போகும்போது, அந்தக் குதிரைகள் ஒரே காலையில் கடந்த தூரம் இது என்று நினைத்துப் பார்த்தால் வரலாற்றுப் பாடம் வேறு மாதிரி மனதில் நிற்கும். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரையும் இங்கேதான் சிறை வைத்தார்கள், 1832-ல் இறந்தார். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபமாக இருக்கிறது. அங்கே கூட்டம் வருவதில்லை. ஒரு மத்தியான நேரம் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தபோது, ஊரைவிட்டு வந்து இங்கே முடிந்த அந்த மனிதரை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊரில் ஒரு சொலவடை உண்டு, உன் காதிலும் விழுந்திருக்கும்: தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ரொம்ப காலம் மூலவர் இல்லை, தொல்லியல் துறையின் கையில் வெறும் கட்டடமாக இருந்தது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போதிலிருந்து பூஜை நடக்கிறது. எங்கள் அப்பா அந்த நாட்களில் ஊரிலிருந்து கூட்டத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்ததை வருஷா வருஷம் சொல்வார். கல்யாண மண்டபத்துத் தூண்களில் இருக்கிற யாளிகளை மறக்காமல் பார். ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு முழு மாலை வேண்டும்.

ஆற்றுக்கு வருகிறேன், உன் மனசை உறுத்தியது அதுதானே. காவேரிக்கரைப் பிள்ளைக்குப் பாலாறு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது வறண்ட ஆறாகத் தெரியவில்லை, மணலுக்கடியில் ஓடுகிற ஆறாகத்தான் தெரிந்தது. முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும், அதைச் சொம்பில் மொண்டு குடித்திருக்கிறேன். அதற்குப் பின் மணல் அள்ளி அள்ளி அந்த ஊற்று இறங்கிப்போனது பெரிய துக்கம். மாசியில் மயானக் கொள்ளைக்கு ஆற்று மணலில் கூடுகிற கூட்டத்தையும், சித்ரா பௌர்ணமி இரவில் பல கோயில்களிலிருந்து வந்து சேருகிற புஷ்பப் பல்லக்குகளையும் நீ இருக்கிற மூன்று வருஷத்தில் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. நான் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஊரே நின்றது. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். உன் ஊரில் ஆடிப் பெருக்குக்கு வருஷா வருஷம் நடப்பது, இங்கே சிலருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

வெயிலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரை வெயிலூர் என்று சொல்வதில் பொய் இல்லை. சுற்றிலும் பாறை மலை. பகலில் காய்ந்து இரவில் அதை நம் மேல் கொட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றும். ஆனால் அந்த வெயில்தான் சில சந்தோஷங்களையும் கொடுக்கிறது. ரோட்டோரத்தில் பனஞ்சுளையைப் பெருவிரலால் தோண்டி எடுக்கிற நொடியில், அந்தக் குளிர்ந்த நீர் மணிக்கட்டு வரை வழியும். ராத்திரி மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கியதும் பாய் விரிப்போம். பதினோரு மணிக்கு மேல் திடீரென்று ஒரு காற்று வரும். யாரும் பேச மாட்டோம். சித்திரையில் கோடை மழை முதல் தூறல் போட்டபோது எழுந்து ஓடாமல் அப்படியே படுத்துக் கிடந்தோம்.

அறையில் நாலு பேருக்கும் ஊர்ப் பெயர்தான் பெயர். நான் கண்ணமங்கலம், மற்றவர்கள் ஆம்பூர், குடியாத்தம், அணைக்கட்டு. அணைக்கட்டுக்காரன் வீட்டுக்குப் போய் வந்தால் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் ஒரு பை வரும். காம்பில் முள் குத்தும், குழம்பில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரையும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்று காலை நாலு பேரும் போனில் பேசிக்கொண்டோம், ரொம்ப நாளைக்கு அப்புறம். குடியாத்தத்துக்காரன் வீட்டில் லுங்கித் தறி. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்களை அவன் அழைக்காத வருஷம் இல்லை.

ஆம்பூருக்குப் போனதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. காட்பாடியில் ஜோலார்பேட்டை பாசஞ்சர் ஏறினால் ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வரும்: லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர். இந்தப் பெயர்களை எங்கள் அறையில் மந்திரம் மாதிரி சொல்வோம், இன்றைக்கும் தூக்கம் வராத ராத்திரிகளில் எனக்கு அந்த வரிசை மனதில் ஓடும். மேல்பட்டி தாண்டியதும் மலைகள் பாதைக்கு நெருங்கி வரும், தென்னந்தோப்புகள் வரும், பிறகு தோல் தொழிற்சாலை வாடை. அந்த வாடைதான் நண்பனுக்கு ஊர் வந்துவிட்ட அடையாளம், உடனே எழுந்து நின்று தலையை வாரிக்கொள்வான்.

அவன் வீட்டில் பிரியாணி செய்வதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பச்சை மிளகாய் போட மாட்டார்கள், தூளும் இல்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைப்பார்கள், நிறமும் காரமும் அதிலிருந்தே வரும். அரிசி சீரகச் சம்பா. அதைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, இறைச்சி வெந்த சட்டியில் சேர்த்து, மூடி மேல் தணல் வைத்து தம் போடுவார்கள். கூடவே புளி விட்டு வதக்கிய கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். அந்தக் கத்தரிக்காய் இல்லாமல் யாராவது உனக்கு ஆம்பூர் பிரியாணி என்று தட்டு வைத்தால் அது பாதிதான். அவன் 'அம்மி' என்று கூப்பிடுகிற அவன் அம்மா முதல் தட்டை எனக்கு வைத்துவிட்டு, "சாப்பிடு பேட்டா, வூட்ல கூச்சப்படக் கூடாது" என்றார்கள். சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷன் வந்தபோது, எங்கள் அம்மாவுக்கென்று ஒரு தூக்கில் தனியாகக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இரண்டு அம்மாக்களும் கடைசி வரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்தத் தூக்கு மட்டும் மூன்று வருஷம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. போகும்போது வேகவைத்த மல்லாட்டையோ கேழ்வரகு மாவோ இருக்கும், வரும்போது கத்தரிக்காய்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. 2024-லிருந்து ரோப் கார் ஓடுகிறது, ஆனால் உன் வயசில் படி ஏறு, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொள். ஏலகிரிக்குப் போகிற 14 கொண்டை ஊசி வளைவுகளில் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்ப் பலகை இருக்கும், ஒவ்வொன்றும் வரும்போது பஸ்ஸே சேர்ந்து வாசிக்கும். ஆற்காட்டில் இறங்கினால் மக்கன் பேடா ஒன்று, ஒன்று போதும், உள்ளே முந்திரியும் பாதாமும் இருக்கும். அதைத் தின்றுவிட்டு பாலாற்றங்கரையில் இருக்கிற டெல்லி கேட் வரை நட. வள்ளிமலையில் முருகனைப் பார்க்க ஏறுகிறவர்கள் பலர் சமணக் குகைச் சிற்பங்களைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள், நீ அப்படிச் செய்யாதே.

அம்மாவின் நிபந்தனையை ஒரே ஒரு தடவை, அவர்களிடம் சொல்லிவிட்டே மீறினேன். அது காவலூர். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் வைனு பாப்பு வானாய்வகம். 2000 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை விடுவார்கள், நீ போவதற்கு முன் விசாரித்துக்கொள். வாணியம்பாடி வரை ரயில், அங்கிருந்து ஆலங்காயம், அப்புறம் மலைப்பாதை. பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் குறுக்களவு. 1986-ல் திறந்து வானியலாளர் பாப்புவின் பெயரை வைத்தார்கள். அதற்குத் திட்டம் போட்ட அவர் 1982-லேயே இறந்துவிட்டார், தன் கருவி வானத்தைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. இதை அங்கிருந்தவர் சொன்னபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் காட்டிக் கொடுத்த பதிவுகளில் காவலூர்ப் பதிவும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் தெற்கு வானமும் இங்கே நன்றாகக் கிடைக்கிறது.

எங்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில்தான் காட்டினார்கள், அதுவே போதுமாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வியாழனும் சனியும் இருட்டியதுமே தெரிந்தன. முதலில் வியாழன், பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி, அதன் நிலாக்கள். அடுத்து சனி. பாடப் புத்தகத்தில் பார்த்த படம்தான், ஆனால் அது அசைந்தது. காற்றில் லேசாக நடுங்கிக்கொண்டு, மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போனது. நகர்வது நாம்தான், பூமி சுற்றுகிறது என்று கூட இருந்தவர் சொன்னார். அவ்வளவு நாள் படித்தது அந்த ஒரு நொடியில் உடம்புக்குத் தெரிந்தது. கீழே இறங்க பஸ் இல்லை. ஆலங்காயத்தில் ஆம்பூர் நண்பனின் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு போர்வைக்குள் மூன்று பேர் படுத்தோம். விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு முன் குடித்த டீயின் சூடு கையில் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, நீ இயற்பியல் என்பதால் இதை உனக்காகவே வைத்திருந்தேன். பெங்களூர் ரோட்டில் வேலூரிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர் போனால் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். தமிழில் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் துணை வருகிறவர் என்று எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் இறங்கிக் கற்பூரம் காட்டிவிட்டுப் போவார்கள். 'திருவாரூர்த் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு' என்று சொல்வார்கள். உன் பக்கத்துத் தேரோடு சேர்த்துச் சொன்ன மதில் இது. உள்ளே தென்புறத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று நிற்கிறது. அரை வட்டமாகச் செதுக்கி எண்கள் போட்டிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி.

நாங்கள் முதலில் போனது 1999 பிப்ரவரி நடுவில். குச்சியை வைத்தோம், நிழல் பன்னிரண்டில் நின்றது. என் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. கல் தப்பாகிவிட்டது, யாரோ நகர்த்தி வைத்திருப்பார்கள் என்று குடியாத்தத்துக்காரன் சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டேன். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, அது அலகாபாத் பக்கம். விரிஞ்சிபுரம் 79 பாகை. மூன்றரை பாகை வித்தியாசம், பாகைக்கு நாலு நிமிடம், ஆக 14 நிமிடம் சூரியன் இங்கே பிந்தித்தான் உச்சிக்கு வரும். மீதிப் பாதி எங்கே போனது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன். எங்கள் பேராசிரியரிடம் கேட்டபோது அவர் பலகையில் பூமியின் நீள்வட்டப் பாதையை வரைந்தார். பூமி ஒரே வேகத்தில் போவதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் வருஷத்தில் சில நாள் பிந்தும், சில நாள் முந்தும். பிப்ரவரி நடுவில் இன்னொரு 14 நிமிடம் பிந்தும். கூட்டினால் 28. கல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அதோடு அவர் விடவில்லை. "நவம்பர் முதல் வாரத்தில் சூரியன் பதினாறு நிமிடம் முந்தும். அப்போ போய்ப் பாரு" என்றார். அந்த வருஷம் தீபாவளி விடுமுறையில் நாலு பேரும் போனோம். ராத்திரியெல்லாம் மழை, மேகம் விலகுமா என்று பயந்துகொண்டே பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றே முக்காலுக்கு வெயில் வந்தது. குடியாத்தத்துக்காரன்தான் குச்சியைப் பிடித்தான், நான் கடிகாரத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் நீட்டினேன். முள் இரண்டும் பன்னிரண்டில் சேர்ந்தபோது நிழலும் பன்னிரண்டில் இருந்தது. நாலு பேரும் சத்தம் போட்டுவிட்டோம். உள்ளேயிருந்து குருக்கள் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒரு கை சுண்டல் கொடுத்தார்.

நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வானம் வெளுத்த ஒரு நாளாகப் பார்த்து, பழைய பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்குள் பஸ் ஏறிவிடு. குச்சி நேராக இருக்கட்டும், வேப்பங்குச்சி கோயில் வாசலிலேயே கிடைக்கும். போனில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு எனக்கு எழுது.